பத்து மணிக்குக் கூரையைக் கடக்கும் விமானம்

12 ஜனவரி 2009, திங்கள்

மழை. உருளைக்கிழங்கு வேகவைத்தேன். இதை நானே எழுதினேன்.

மறுபடி படித்துப் பார்த்தேன். மழை என்று எழுதிய இடத்தில் மழை என்றே இருக்கிறது!

13 ஜனவரி

முதியோர் வகுப்பு டிசம்பரில் முடிந்தது. சான்றிதழோடு இந்த நோட்டும் கொடுத்தார்கள். “தினமும் நாலு வரி எழுதுங்க தாத்தா. விட்டீங்கன்னா எழுத்து கையை விட்டு ஓடிப்போயிரும்” என்று டீச்சர் பெண் சொல்லியிருக்கிறாள். எனவே எழுதுகிறேன்.

என் பெயர் இலாரியோன் சுக்கிமியா. வயது எழுபத்தெட்டு. லா பாஸ் ரயில் நிலையத்தில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கினேன். நீலக் கோடு போட்ட மூட்டை ஏரித்துறைக்கு. சிவப்புக் கோடு ஒரூரோவுக்கு. நீலக் கோட்டோடு கறுப்புச் சிலுவையும் இருந்தால் ஏரி தாண்டி லிமாவுக்கு. ஒரு மூட்டைகூடத் தவறியதில்லை. அந்த மூட்டைகளில் எழுத்தும் இருந்தது. நான் அதைப் பூச்சி ஊர்ந்த தடம் மாதிரிதான் பார்த்திருக்கிறேன்.

கை வலிக்கிறது. மூட்டை தூக்கியபோதுகூட இப்படி வலித்ததில்லை.

18 ஜனவரி, ஞாயிறு

செகுந்தினாவின் கைபேசியில் நியெவெஸ் கூப்பிட்டாள். நியெவெஸ் என் மகள், ஒரே மகள். முப்பத்திரண்டு வருஷமாக லிமாவில் இருக்கிறாள். செகுந்தினா பக்கத்து வீடு. சந்தையில் உருளைக்கிழங்கு விற்கிறாள், வகுப்பில் எனக்கு அடுத்த பெஞ்சு. கைபேசியைக் கொடுத்துவிட்டு நகர மாட்டாள். முழுவதும் கேட்டுவிட்டுத்தான் போவாள்.

என் பேத்தியின் பையன் தாதேயோவுக்கு ஐந்து வயது முடிந்துவிட்டது. இன்னும் தலையில் கத்தரி படவில்லை. முதல் முடியை வீட்டுக்கு மூத்தவன்தான் வெட்ட வேண்டும். மூத்தவன் நான். நான்கு வருஷமாக எனக்காகக் காத்திருக்கிறார்கள்.

“அப்பா, முடி இடுப்புவரைக்கும் வந்திருச்சு. தெருவுல எல்லாரும் பொம்பளப் புள்ளைன்னே நினைக்கிறாங்க. மார்ச் ஒன்பதாம் தேதி பள்ளிக்கூடம் திறக்குது, முடியோட வரக்கூடாதுன்னுட்டாங்க. மார்ச் ஒண்ணாம் தேதி விழா வச்சிருக்கோம். வர்றீங்களா?”

“தூரம்மா” என்றேன்.

“சரிப்பா. உங்களுக்கு எப்பவும் தூரம்தான். அன்னிக்கு நீங்க இல்லேன்னா என் வீட்டுக்காரரோட அண்ணன் வெட்டுவார். அதுக்கப்புறம் உங்களைக் கூப்பிட்டுத் தொந்தரவு பண்ண மாட்டேன்.”

கைபேசியை வாங்கிக்கொண்டு செகுந்தினா சொன்னாள்: “பெரியவரே, உங்க மக அழுதுக்கிட்டே வச்சா.” யார் கேட்டார்கள் இவளை?

20 ஜனவரி

தூரம் என்று எழுதிப் பார்த்தேன். நோட்டில் கட்டைவிரல் நீளம்கூட வரவில்லை.

21 ஜனவரி

தூரம் என்றால் என்னவென்று எழுதி வைக்கிறேன். யாரும் என்னைச் சாக்குச் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம்.

1977 ஆகஸ்டில் ஒரு தடவை லிமாவுக்குப் போனேன். அதற்கு நான்கு மாதம் முன்பு, திருவிழாவுக்கு வாசிக்க வந்த ஒரு ட்ரம்பெட்காரனோடு நியெவெஸ் போய்விட்டாள். கிரிமால்டோ என்று பெயர், எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆள். அவளுக்குப் பத்தொன்பது வயது. அவளை அழைத்து வரத்தான் போனேன். என் மனைவி பசிலியா தான் நெய்த சிவப்புத் துணி ஒன்றை மடித்துக் கொடுத்தாள். “வரமாட்டேன்னு சொன்னா, இதையாவது கொடுத்துட்டு வாங்க.”

முதல் நாள் ரயில், ஏரித்துறைவரை. ரயில்காரர்கள் எல்லாம் தெரிந்தவர்கள், டிக்கெட் கேட்கவில்லை. சாயங்காலம் நீராவிக் கப்பல். வெங்காய மூட்டைகளுக்கு நடுவே மேல்தளத்தில் படுத்துக்கொண்டேன். அத்தனையும் நீலக் கோடு, கறுப்புச் சிலுவை. நானே ஏற்றிய மூட்டைகள். அவற்றோடு நானும் லிமா போனேன்! குளிர் எலும்பைத் தின்றது. ஆனால் அந்தமாதிரி நட்சத்திரங்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. மேலேயும் இருந்தன, தண்ணீரிலும் இருந்தன. கப்பல் நடுவில் போயிற்று.

இரண்டாம் நாள் புனோ. மறு ரயிலுக்காக ஒரு நாள் காத்துக் கிடந்தேன். நான்காம் நாள் அரெகிப்பா. ரயிலில் ஒரு பெண்பிள்ளை தன் மடியிலிருந்து அவித்த சோளமும் பாலாடைக்கட்டியும் எடுத்துக் கொடுத்தாள். பெயர்கூடக் கேட்கவில்லை. அந்தச் சோளத்தின் ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது. பிறகு பேருந்து, ராத்திரியும் பகலும் மணல். ஐந்தாம் நாள் காலையில் இடது பக்கம் வானம் கீழே விழுந்து கிடந்தது. “கடலுய்யா அது, பாத்ததில்லையா?” என்றான் பக்கத்தில் இருந்தவன்.

விலாசம் எழுதிய தாளைப் பதினான்கு பேரிடம் காட்டினேன். எனக்குப் படிக்கத் தெரியாது. வீடு கிடைக்கவில்லை. திரும்பிவிட்டேன்.

அதுதான் தூரம்.

24 ஜனவரி, சனி

இன்று அலசிதா சந்தை. நியெவெஸைத் தோளில் வைத்துக்கொண்டு போன காலத்தில் களிமண் வீடும் தகர லாரியும் மட்டும்தான் விற்பார்கள். ஒரு வருஷத்துக்கு வேண்டியதைச் சின்னஞ்சிறிதாக வாங்கி, நண்பகல் பன்னிரண்டு அடிக்கும்போது புகை காட்டினால், அது பெரியதாக வீட்டுக்கு வந்து சேரும். இப்போது விரல் அளவு கணினிகூட விற்கிறார்கள். பசிலியா வருஷா வருஷம் சின்னப் பெட்டி ஒன்று வாங்குவாள், பயணப் பெட்டி. எதற்கென்று நான் கேட்டதில்லை.

செகுந்தினா எனக்கு ஒரு விமான டிக்கெட் வாங்கி வந்தாள், தீப்பெட்டி அளவு. “உங்களுக்குத்தான் பெரியவரே. சும்மா தூரம் தூரம்னு புலம்புறதுக்கு, இதையாவது படிச்சுத் தொலைங்க.”

கண்ணருகே வைத்துப் படித்தேன். லா பாஸ் – லிமா. புறப்பாடு 10.00. வந்து சேர்வது 11.00.

பதினொன்றிலிருந்து பத்தைக் கழித்தேன். ஒன்று. மறுபடி கழித்தேன். ஒன்றுதான் வந்தது.

“பொம்மை டிக்கெட்ல என்ன வேணும்னாலும் போடுவான்” என்றேன். “பொம்மைக்காரன் எதுக்குப் பொய் சொல்றான்? நிஜ டிக்கெட்டைப் பாத்துத்தானே அச்சடிக்கிறான்” என்றாள்.

புகை காட்டினோம். எதற்கும் இருக்கட்டும்.

26 ஜனவரி

விமான நிலையம் என் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரம். பதினெட்டு வருஷமாக இங்கே இருக்கிறேன், உள்ளே போனதில்லை. இன்று போனேன். கண்ணாடிக்குப் பின்னால் இருந்த பெண்ணிடம் பொம்மை டிக்கெட்டை நீட்டினேன். அவள் சிரிக்கவில்லை. புகை வாசனை பிடித்துவிட்டு, “ஆமா தாத்தா, இது நெசம்தான். காலையில பத்துக்குக் கிளம்பும், பதினொண்ணுக்கு லிமா. சுமார் ஆயிரத்து எண்பது கிலோமீட்டர்” என்றாள்.

“எந்த விமானம்?”

“தெனமும் பத்து மணிக்கு வில்லா குடியிருப்புப் பக்கமா ஏறிப் போகுமே, அது.”

அது என் விமானம்! என் கூரையைத்தான் கடக்கிறது. தட்டு அதிரும். அதைக் கேட்டுத்தான் நான் சூப்பை அடுப்பில் ஏற்றுவேன். ஜெர்மனிக்கோ வேறு எங்கோ போகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். பதினெட்டு வருஷமாக என் தலைக்குமேல் லிமாவுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

27 ஜனவரி

பத்து மணிக்கு முற்றத்தில் நின்று பார்த்தேன். சூப்பு வைக்க மறந்துவிட்டேன்.

1 பிப்ரவரி, ஞாயிறு

“ஒரு மணி நேரம்தான்மா!” என்று கத்தினேன். நானே படித்தேன், நானே கழித்தேன் என்று எல்லாம் சொன்னேன். நியெவெஸ் சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியவில்லை. டிக்கெட் கிரிமால்டோ எடுத்து அனுப்புகிறானாம். எடுக்கட்டும். என் பெண்ணைக் கூட்டிக்கொண்டு போனவன்தானே!

6 பிப்ரவரி

பழைய அடையாள அட்டையில் கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் என் கட்டைவிரல் ரேகை. புதிய அட்டை எடுக்கப் போனேன். அலுவலகத்துப் பையன் வழக்கம்போல் மைப்பெட்டியைத் தள்ளினான். நான் பேனாவைக் கேட்டேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுக்கும்வரை எழுதினேன். கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. அதுவும் என் எழுத்துத்தான்.

9 பிப்ரவரி

இன்று முழுக்கக் கணக்கு. நாங்கள் நடைதூரத்தைக் கோக்கா இலையில் அளப்போம். ஒரு வாய் இலையை அடக்கிக்கொண்டு நடந்தால், சாரம் தீர முக்கால் மணி நேரம், மூன்று கிலோமீட்டர். ஆயிரத்து எண்பதை மூன்றால் வகுத்தேன். முந்நூற்று அறுபது வாய். நாளுக்குப் பன்னிரண்டு வாய் நடந்தால் முப்பது நாள். கப்பலும் ரயிலுமாக ஐந்து நாள். விமானத்தில் ஒன்றே கால் வாய்க்குக் கொஞ்சம் மேல்.

ஒன்றே கால் வாய்! என் மாமியார் வீடு அதைவிடத் தூரம்.

அப்படியானால் பசிலியா செத்த அன்று? 1991. இரண்டாம் நாளே புதைக்கச் சொன்னேன். “லிமாவிலிருந்து அவள் எப்படி வருவாள்? தூரம்” என்று சொன்னது நான்தான். நியெவெஸ் பேருந்தில் மூன்றாம் நாள் சாயங்காலம் வந்தாள், தலையெல்லாம் புழுதி. ஒன்றும் கேட்கவில்லை. அம்மாவின் அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டிவிட்டுப் போனாள்.

ஒரு நாள் காத்திருந்திருக்கலாம்.

15 பிப்ரவரி, ஞாயிறு

பெட்டியைத் திறந்தேன். பசிலியாவின் சிவப்புத் துணி அடியில் இருந்தது, அன்று மடித்த மடிப்போடு. மறுபடி அடியிலேயே வைத்து மூடினேன்.

நியெவெஸ் கூப்பிட்டபோது, “முட்டி வலிக்குதும்மா. தூரமா வேற இருக்கு...” என்று ஆரம்பித்தேன்.

“ஒரு மணி நேரம்னு நீங்கதானேப்பா படிச்சுச் சொன்னீங்க?”

படிக்கத் தெரியாதவனாக இருந்தபோது எத்தனை வசதி!

செகுந்தினா கைபேசியைத் துடைத்து உள்ளே வைத்துக்கொண்டு, “எந்த முட்டி பெரியவரே?” என்றாள். வலதைக் காட்டினேன். “போன வாரம் இடதுன்னீங்க.”

22 பிப்ரவரி, திருவிழா ஞாயிறு

தெருவெல்லாம் ஆட்டம். எல்லாக் குழுவிலும் ட்ரம்பெட். நான் உள்ளே உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஜனவரி 21 அன்று எழுதியதில் கடைசிப் பகுதி பொய்.

வீடு கிடைத்தது. பதினான்காவது ஆள், ஐஸ் விற்கிற ஒரு பெண், தாளைப் படித்துவிட்டுக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டாள். “அந்த நீலக் கதவுதான் ஐயா. 418.” நான் எதிர்ப்பக்கம் விளக்குக் கம்பத்தடியில் நின்றேன். மாடியில் நியெவெஸ் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். வயிறு கொஞ்சம் தெரிந்தது. அவன் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து ட்ரம்பெட்டைத் தப்புத்தப்பாக ஊதினான். வேண்டுமென்றே. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஈரச்சட்டையால் அவனை அடித்தாள், மறுபடி சிரித்தாள்.

என் வீட்டில் அவள் ஒரு நாளும் அப்படிச் சிரித்ததில்லை. நான் வீட்டுக்குள் வந்தால் சத்தம் நின்றுவிடும். அப்போதுதான் அது எனக்குத் தெரிந்தது.

முடியைப் பிடித்து இழுத்துவருவேன் என்று ரயில்காரர்களிடம் சொல்லிவிட்டுப் போனவன் நான். எந்த முகத்தோடு கதவைத் தட்டுவேன்? தட்டி என்ன சொல்வேன்? இரண்டு வாய் இலை தீரும்வரை நின்றேன். அவள் கீழே இறங்கிப் போனதும் நானும் திரும்பிவிட்டேன். துணி கையிலேயே இருந்தது.

பசிலியாவிடம் சொன்னேன்: “எனக்குப் படிக்கத் தெரியாதே. வீடு கெடைக்கலை.” அவள் என் காலைத் தேய்த்துவிட்டாள். “உங்க மேல என்ன தப்பு?” என்றாள்.

எழுதிவிட்டேன். அய்யோ, எழுதினால் அழியாதே.

26 பிப்ரவரி

பெட்டி கட்டியாகிவிட்டது. துணி மேலே இருக்கிறது. நோட்டும் வரும். செகுந்தினா ஆளுக்கு இரண்டு கிழங்கு என்று எண்ணி ஒரு பை கட்டித் தந்தாள். “லிமாவுல விக்கிறதெல்லாம் கிழங்கா? தண்ணி.”

27 பிப்ரவரி, வெள்ளி, லிமா

இன்றே எழுதியாக வேண்டும்.

விமானம் பத்து மணிக்குக் கிளம்பியது. ஜன்னலில் முகத்தை ஒட்டி என் கூரையைத் தேடினேன். கண்டுபிடித்தேன்! தகரத்தின்மேல் நான் வைத்த ஆறு கல்லும் தெரிந்தன. பிறகு ஏரி. முழு இரவு கடந்த ஏரி, தொப்பியைக் கழற்றி மடியில் வைப்பதற்குள் போய்விட்டது. கீழே எங்கேயோ அந்த வெங்காய மூட்டைகள், அந்த நட்சத்திரங்கள். என்னமோ திருட்டுப்போன மாதிரி இருந்தது.

கணக்குப்படி இரண்டு வாய் இலைதான் கொண்டுபோனேன், பயணத்துக்குப் போக மிச்சம் காதடைப்புக்கு. முதல் வாய் தீர்ந்தது. என் கைக்கடிகாரத்தில் பதினொன்று. விமானம் இறங்கவில்லை. பதினொன்றே கால். கீழே மலை. இரண்டாம் வாயும் தீரப்போகிறது. வழி தவறிவிட்டானோ? பணிப்பெண்ணின் கையைப் பிடித்தேன். “அம்மா, பதினொண்ணுக்கு லிமான்னு போட்டிருக்கே?”

“லிமா கடிகாரம் நம்மளைவிட ஒரு மணி நேரம் பின்னாடி தாத்தா. பயணம் ரெண்டு மணி நேரம். அங்கே எறங்கும்போது அங்கே பதினொண்ணு.”

என் கழித்தலில் தப்பில்லை. ஆனால் இரண்டு ஊருக்கு இரண்டு கடிகாரம் என்று வகுப்பில் சொல்லவே இல்லை. முன்பு ஐந்து நாள் போனதில் ஒரு மணி நேரம் எங்கே விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? பணிப்பெண் என் கடிகார முள்ளைப் பின்னால் திருப்பி வைத்தாள். எனக்கு ஒரு மணி நேரம் திரும்பக் கொடுத்திருக்கிறார்கள். வைத்துக்கொண்டேன்.

இறங்கும்போது, மலைமேல் எங்கள் ஊரில் மூடிய தண்ணீர்ப் புட்டி தானாக நசுங்கி உள்ளே போயிற்று. யாரும் தொடவில்லை.

வெளியே நியெவெஸ். தலை பாதி நரைத்துவிட்டது. பக்கத்தில் கிரிமால்டோ, தொப்பை. “வாங்க மாமா. ஒரு மணி நேரம்னீங்களே, முப்பத்திரண்டு வருஷம் ஆக்கிட்டீங்க?” என்றான். இவன் நாக்கு மட்டும் மாறவில்லை.

1 மார்ச், ஞாயிறு

வெட்டினேன்! தாதேயோ நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்தான். முடி விழத் துணி கேட்டார்கள். பசிலியாவின் சிவப்புத் துணியை விரித்தேன். முதல் கொத்தை ரிப்பன் கட்டிய இடத்தில் வெட்டினேன். “வலிக்கலையே!” என்று பையன் கத்தினான். கிரிமால்டோ ட்ரம்பெட் ஊதினான். இப்போது ஒழுங்காகத்தான் ஊதுகிறான்.

நியெவெஸ் துணியின் ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். “இது அம்மாவோட தறி. எப்போ நெய்தது?”

“உனக்காக நெய்தது” என்றேன்.

“எப்போப்பா?”

விருந்தாளிகள் வந்துவிட்டார்கள்.

2 மார்ச்

சமையலறையில் அவள் மட்டும். நோட்டை எடுத்தேன். வாயால் சொல்ல எனக்கு வராது. பிப்ரவரி 22 பக்கத்தை விரல் வைத்து வாசித்துக் காட்டினேன். மெதுவாகத்தான் வாசிப்பேன். இடையில் இரண்டு தடவை எழுத்துக் கலங்கியது. அவள் கைவேலையை நிறுத்திவிட்டாள்.

முடித்ததும் கேட்டாள்:

“அஞ்சு நாள் வந்துட்டு, ஒரு ரோட்டைத் தாண்ட முடியலையா உங்களுக்கு?”

நான் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“அம்மா கடைசிவரைக்கும் ஆள் வச்சு எழுதின கடிதாசியில எல்லாம் ஒரே பாட்டு. பாவம் மனுஷன், படிக்கத் தெரிஞ்சிருந்தா வந்திருப்பாருன்னு. நானும் அதைத்தான் நம்பிக்கிட்டிருந்தேன். நீங்க எழுதப் படிக்கக் கத்துக்கிட்டது இதைச் சொல்லத்தானா?”

பாத்திரங்களை முட்டி மோதிக் கழுவினாள். கழுவியதையே மறுபடி கழுவினாள்.

3 மார்ச்

பேசவில்லை.

4 மார்ச்

பேசவில்லை. தட்டில் மட்டும் மீனில் முள் எடுத்து வைத்திருந்தது. சாயங்காலம் கிரிமால்டோ பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். “அன்னிக்கு நான் அவ்வளவு மோசமா ஊதினேனா மாமா?”

“ஆமா.”

“அதைக் கேட்டும் என் கழுத்தைப் பிடிக்காமப் போனீங்களே, பெரிய மனசுதான்.”

5 மார்ச், வியாழன்

காலையில் நியெவெஸ், “தொப்பியைப் போடுங்க” என்றாள். இரண்டு பேருந்து மாறினோம். ஒரு தெருமுனையில் இறக்கினாள். அவர்கள் அங்கிருந்து போய் இருபத்தைந்து வருஷம் ஆகிறதாம். நீலக் கதவு இப்போது பச்சை. எண்ணை நானே படித்தேன். 418. விளக்குக் கம்பம் அதே இடத்தில்.

“எங்கே நின்னீங்க?”

நின்று காட்டினேன். அவள் மட்டும் தெருவைத் தாண்டிப் போய்ப் பச்சைக் கதவின் முன்னால் நின்று திரும்பினாள். கையைக் கட்டிக்கொண்டாள். கூப்பிடவில்லை.

ஒரு தள்ளுவண்டி போகக் காத்திருந்தேன். பிறகு நடந்தேன். பழக்கத்தில் எண்ணிக்கொண்டே நடந்தேன்.

பதினோரு அடி.

கதவு திறந்து யாரோ ஒரு அம்மாள் எட்டிப் பார்த்தாள். “யார் வேணும் உங்களுக்கு?”

“யாரும் வேணாங்க. எங்கப்பா இப்பத்தான் வந்து சேர்ந்தார்” என்று நியெவெஸ் சொன்னாள். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். சிரித்தாளா, அழுதாளா, இந்தத் தடவையும் தெரியவில்லை.

7 மார்ச், என் வீடு

திரும்பும் டிக்கெட்டில் 8.30, 11.30 என்று இருந்தது. மூன்று மணி நேரம் என்று நான் ஏமாறவில்லை. கடன் வாங்கிய ஒரு மணியைத் திருப்பிக் கொடுத்தேன்.

22 மார்ச், ஞாயிறு

மழை இல்லை. கைபேசி அழைப்பும் இல்லை, தேவைப்படவில்லை. பதினொன்றரை விமானத்தில் நியெவெஸ் வருகிறாள், அம்மாவின் கல்லறைக்குப் போக. சிவப்புத் துணியை அவளே கொண்டுவருகிறாளாம்.

உருளைக்கிழங்கு வேகவைத்தேன், மூன்று பேருக்கு. செகுந்தினா எப்படியும் வந்துவிடுவாள்.